தபால்காரரா, ஒலிபெருக்கியா?



எதிரணி நண்பர் கேட்டார்: "வாட்ஸப்பும் முகநூலும் வெறும் தபால்காரர்தானே? கடிதத்துல பொய் இருந்தா தபால்காரரையா தண்டிப்பீங்க?" நல்ல கேள்வி. சட்டமும் ஓரளவு அப்படித்தான் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79-ன்படி, பிறர் போடும் செய்திக்கு நிறுவனம் பொறுப்பல்ல. ஆனால் அது உரிய கவனத்தோடு நடந்தால்தான் இந்தக் கவசம்!

ஒண்ணு கேக்கிறேன். ஒரே கடிதத்தை நொடியில நூறு வீட்டுக்குப் பரப்ப வழி செஞ்சு கொடுக்கிறவர் தபால்காரரா, ஒலிபெருக்கியா? (கைதட்டல்)

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு கைபேசியில வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்து மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. வேறு மாநிலங்களிலும் இப்படி உயிர்கள் போயின. மத்திய அரசு கண்டித்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் இந்தியாவில் வரம்பு வைத்தது. கவனிங்க, யார் கடிதத்தையும் பிரிச்சுப் படிக்கலை. வேகத்தை மட்டும் குறைச்சாங்க. முன்னாடியே செஞ்சிருக்கலாமே!

"கட்டுப்பாடுன்னா வாய்ப்பூட்டு" என்று எதிரணி பயப்படுகிறது. அந்தப் பயம் நியாயமானது. 2012-ல் மகாராஷ்டிரத்துப் பால்கரில், முகநூலில் கருத்து எழுதிய பெண்ணையும், அதற்கு லைக் போட்ட பெண்ணையும் கைது செய்தார்கள். அப்படிப்பட்ட கைதுகளுக்கு வழிவிட்ட 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்போ எது சரியான சட்டம்? இதோ, இந்த மேடையில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியைப் பாருங்க. அதுக்கு அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணிக்கு நிறுத்தணும். ஆனா நான் என்ன பேசணும்னு யாரும் எழுதிக் கொடுக்கலை! 2021 விதிகள், பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை வைக்கணும் என்றன. அதுதான் வழி. பரப்பும் வேகத்துக்கு வரம்பு. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள்.

சட்டம் கம்பெனிக்கு, அறம் நமக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் "உண்மையா?"ன்னு கேளுங்க. அந்த ஒரு நிமிஷம் போளூரில் ஓர் உயிரைக் காப்பாத்தியிருக்கும்.