மேல்கோட்டைக்குப் போய் என்னடா வித்துட்டு வந்தே?

விடியற்காலை ஐந்து மணி. மைசூரில் மார்கழிப் பனி. மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். அடுக்குமாடி வீட்டு வாசலில் குந்தியிருந்த காவலாளி பதறி எழுந்து, "ஏனாயித்து சார்?" என்றார். என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்கிறார். வீட்டில் யாருக்கோ ஆபத்து என்று நினைத்துவிட்டார், பாவம்! "ஒன்றுமில்லை, சும்மாதான் ஓடுகிறேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மைப் போன்றவர்கள் சும்மா ஓடுவது ஏது? பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். ரேஷன் கடை மூடுவதற்குள் ஓடுவோம். பொங்கலுக்கு ஊர் போக, முன்பதிவு இல்லாத பெட்டியில் இடம் பிடிக்க ஓடுவோம். சைக்கிளும் அப்படித்தான். வேலைக்குப் போக ஒரு வண்டி. மோட்டார் சைக்கிள் வாங்கியதும் மூலையில் சாத்தி வைக்கும் ஒரு சாமான். அதை ஆசைக்கு மிதிப்பதென்றால் சிரிக்க மாட்டார்களா?

சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் என் தகப்பனார்.

டாக்டர் காட்டிய சீட்டு

நான் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. நாற்காலியே கதி. இரவு டூட்டியில் விழித்திருக்க டீ, டீக்குத் துணையாக பன். முப்பத்தாறாவது வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.2 என்று சீட்டில் வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. "நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். உள்ளே போவதும் திரும்புவதும் உங்கள் கையில்" என்றார் டாக்டர்.

வாசற்படியில் நான் மட்டும் நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல்.

உடம்பை அசைப்பதுதான் முதல் மருந்து என்றார் டாக்டர். வேலை செய்யும் தசை, ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கிறதாம். வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிஷக் கடும் உழைப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளுக்கு அரைமணி கூட இல்லை.

முதல் நாள் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் இருநூறு அடி ஓடியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டி நடந்து போனார். மறுநாள் வழியை மாற்றினேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இரண்டு மாதத்தில் நிற்காமல் அரைமணி ஓட முடிந்தது. சிலர் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுகிறார்கள். எனக்கு ஒரே அளவுதான்: ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேச முடிந்தால் வேகம் சரி.

சைக்கிளும் அப்பாவும்

பார்சல் ஆபீசில் தினமும் பிறருடைய சைக்கிள்களை எடை போட்டு, சீட்டுக் கட்டி, வேனில் ஏற்றுகிறவன் நான். ஒருநாள் எனக்கே ஆசை வந்தது. பழைய சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினேன். கியர் கிடையாது. கறுப்பு நிறம். தூக்கினால் இடுப்பு பிடிக்கும் கனம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் ஸ்ரீரங்கப்பட்டணம், பிறகு பாண்டவபுரம் என்று தூரத்தைக் கூட்டினேன். நான்காவது மாதம் மேல்கோட்டை. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மாலையில் வீடு திரும்பி, கால் வலியோடு பெருமையாகச் சொன்னேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா கேட்டார்:

"அம்மாந் தூரம் போய் என்னடா வித்துட்டு வந்தே?"

அப்பா ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் கேரியரில் ஜவுளி மூட்டையைக் கட்டி, சைக்கிளில் விற்றவர். முப்பது வருஷம் மிதித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் காசு வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

மேல்கோட்டை ஏற்றம்

பதிலை அந்த ரோட்டில்தான் தேடவேண்டியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைத் தாண்டினால் பெங்களூர் விரைவுச்சாலை. 2023 ஆகஸ்டு முதல் அதன் நடுப்பாதையில் சைக்கிளுக்கு இடமில்லை. ஓரத்துச் சாலையில்தான் போகவேண்டும். பாண்டவபுரம் ரோட்டில் திரும்பிய பிறகுதான் நிம்மதி. இருபுறமும் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் கரும்பும். வெல்லம் காய்ச்சும் ஆலைப் புகையின் மணம். குந்தி பெட்டா பாறைகள். சற்று விலகிப் போனால் இராமானுஜரோடு சேர்த்துப் பேசப்படும் தொண்டனூர் ஏரி. ஜக்கனஹள்ளியில் மேல்கோட்டைக்கு ரோடு பிரிகிறது. பிறகு ஏற்றம்.

கியர் இல்லாத வண்டி ஏற்றத்தில் கனத்துப்போகும். எழுந்து நின்று மிதித்தேன். பிறகு இறங்கித் தள்ளினேன். வெட்கப்படவில்லை. இந்த மலைக்கு நம்மவர்கள் வந்தது இன்று நேற்றல்ல. ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழ நாட்டிலிருந்து வந்த இராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கினார் என்பது வரலாறு. திருநாராயணபுரம் என்று தமிழில் பெயர் பெற்ற இவ்வூர்க் கோயிலில் இன்றும் ஆழ்வார் பாசுரங்கள் தமிழிலேயே ஒலிக்கின்றன. பிழைக்க வந்த ஊரில் தள்ளிக்கொண்டு ஏறுகிற எனக்கு அது ஒரு துணை போல இருந்தது.

கல்யாணிக் குளத்தின் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிட்டேன். மேலே யோக நரசிம்மர் குன்று. கூரையில்லாமல் நிற்கும் ராயகோபுரத்துத் தூண்கள் பக்கம் காற்று வீசிற்று. இந்தச் சுற்றுவட்டக் காட்டை 1974-ல் ஓநாய்களுக்காகச் சரணாலயமாக்கினார்கள். ஓநாயை நான் பார்க்கவில்லை; மயில் கூவியது கேட்டது. அந்த அரைமணி நேரம் யாரும் என்னை 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. யாருடைய பார்சலும் என் தலையில் இல்லை. வாரத்தில் ஆறு நாள் என் நேரம் ரோஸ்டருக்குச் சொந்தம். அன்று காலை மட்டும் எனக்குச் சொந்தம்.

இரண்டு குறைகள்

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பின்னால் வரும் லாரி சைக்கிள்காரனை ஒரு மனிதனாகவே எண்ணுவதில்லை. மைசூரில் 2017-ல் 'ட்ரின் ட்ரின்' என்ற பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கினார்கள். இந்தியாவுக்கே முன்னோடி. ஆனால் சைக்கிள் கொடுத்தால் போதாது, ஓட்ட வழியும் விடவேண்டும்.

இரண்டாவது குறையைச் சொன்னவர் என் மனைவி. "நீங்க இருட்டுல ஓடினா காவலாளி ஒருத்தர்தான் கேக்குறார். நான் ஓடினா தெருவே கேக்கும்" என்றார். என் மாமியார் புதுக்கோட்டைக்காரர். 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அவர்களில் ஒருவர். அவர் போனில் மகளிடம், "எங்களையும்தான் கேட்டாங்க. ஓட்டினோம்ல?" என்றார். இப்போது இருவரும் சேர்ந்தே ஏரிக்கரைக்குப் போகிறோம்.

தொடங்குகிறவர்களுக்கு

வாசக அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் ஓடுகிறவர்கள் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடவேண்டும், சைக்கிள் இடப்பக்கம். இருட்டில் பின்விளக்கு அவசியம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே வரும்போது கால் நேராக நீளவேண்டும். சீட் அதற்குத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். மேல்கோட்டை இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணம் டீக்கடையில் சில பெங்களூர் அன்பர்களைச் சந்தித்தேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பயணம் அவர்களுடையது. அவர்கள் சைக்கிளின் விலை என் பல மாதச் சம்பளம். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அவர்களைப் பார்த்து நம்மை அளக்கவேண்டாம். போன மாதம் முடிந்ததைவிட இந்த மாதம் சற்று அதிகம் முடிந்தால் அதுவே வெற்றி.

ஒரு வருஷம் கழித்து மறுபடி பரிசோதித்தேன். 5.8. வாசற்படியிலிருந்து முழுதாக இறங்கவில்லை, முகத்தைத் திருப்பிவிட்டேன். சீட்டை அப்பாவிடம் காட்டினேன். "மேல்கோட்டையிலே வித்தது இதுதாம்பா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் என் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்குது. ஏத்தத்துல இழுக்கும். அடிச்சிட்டுப் போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொண்டுதான் போனேன்.