கீழே இறங்கும் கோடு

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் "நேர்கோட்டு வரைபடம் போட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறாளாம். அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் ஊர் வழியாகப் போகும் ரயில்களெல்லாம் அந்த வரைபடத்தில்தான் ஓடுகின்றன.

ரயில்வே கன்ட்ரோல் அறையில் ஒரு சார்ட் உண்டு. கிடையாக நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள், ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கோடு. முன்பு செக்‌ஷன் கன்ட்ரோலர் பென்சிலும் ஸ்கேலும் கொண்டு இழுத்தார். இப்போது கணினி இழுக்கிறது. பாரிஸ்–லியோன் ரயில்களுக்கு இப்படி வரைந்த படம் ஒன்று 1885-இல் வந்த, மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் நூலில் இருக்கிறது.

சென்ட்ரலைச் சுழியாக வைத்துக்கொள்வோம். ஆவடி சுமார் 21 கிலோமீட்டர். லோக்கல் 42 நிமிடத்தில் போனால் நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர், அதுதான் சாய்வு. நின்று நின்று போவதால் உண்மையான கோடு படிக்கட்டு போலத்தான் இருக்கும். சராசரி போதும் நமக்கு.

எனக்குப் பிடித்தது எதிர்த்திசைக் கோடு. அது மேலிருந்து கீழே வரும். உடனே பிள்ளைகள் "வேகம் குறைகிறது" என்பார்கள். இல்லை, ரயில் சென்ட்ரலுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். கிடைக்கோட்டைப் பார்த்து "சமதளத்தில் ஓடுகிறது" என்பார்கள். அது நிற்கிற ரயில்! எட்டு மணிக்கு லோக்கல் சென்ட்ரலை விட, அதே நேரத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஆவடியைக் கடந்து வந்தால், இரு கோடுகளும் 14-ஆம் நிமிடத்தில், ஏழாவது கிலோமீட்டரில் வெட்டும். பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவில். அங்கே போக வரத் தனித்தனிப் பாதை இருப்பதால் கவலையில்லை. ஒற்றைப் பாதையானால் அந்தப் புள்ளி ஒரு ஸ்டேஷனில்தான் விழவேண்டும். அதற்காக ஒரு ரயிலின் கோட்டைக் கிடையாக நீட்டுவார்கள். "கிராசிங்குக்காக நிற்குது" என்று நாம் அலுத்துக்கொள்வது அந்தக் கிடைக்கோட்டைத்தான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அளவுத்திட்டம் எழுதினாயா, அச்சுக்குப் பெயரிட்டாயா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிறோம். கோடு என்ன சொல்கிறது என்று கேட்பவர் குறைவு. புறநகர் ரயில் கால அட்டவணையை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும்?

வாசகியின் மகளுக்கு ஒரு வேலை. சென்ட்ரலுக்குப் பதில், ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கும் அம்பத்தூரைச் சுழியாக வைத்து அதே லோக்கலை வரையட்டும். கோடு மொத்தமாகக் கீழே நகரும், எட்டு மணிக்கு மைனஸ் 15-இல் தொடங்கும். வெட்டுத்துண்டு மாறிவிட்டது. சாய்வு அதே அரைதான். யார் எங்கே நின்று அளந்தாலும் ரயிலின் வேகம் ஒன்றுதானே.