படம் பக்கத்தில் இருக்க, ‘படம் இல்லை’ என்கிறது கூகுள்

ஒரு இணையப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தேடுபொறிக்குப் புரியும்படி தனியாக எழுதிவைக்கும் குறிப்புக்கு ‘ஸ்ட்ரக்சர்டு டேட்டா’ என்று பெயர். இது சமையல் குறிப்பு, இது அதன் பெயர், இது அதன் படம் என்று அந்தக் குறிப்பு ஒவ்வொன்றாகச் சொல்லும். அதற்கான பொதுவான சொற்பட்டியலாக ‘ஸ்கீமா டாட் ஆர்க்’ 2011 ஜூனில் தொடங்கப்பட்டது. கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய இந்த முயற்சியில் அதே ஆண்டு ரஷ்யாவின் யாண்டெக்ஸும் இணைந்தது. தேடல் முடிவில் சில தளங்களுக்கு மட்டும் படமும் நட்சத்திர மதிப்பீடும் சமைக்கும் நேரமும் சேர்ந்து வருவது இந்தக் குறிப்பால்தான்.

இந்தக் குறிப்பில் அடிக்கடி வரும் கோளாறு, படத்துக்கான புலம் விடுபட்டிருக்கிறது என்ற அறிவிப்பு. தளத்தை நடத்துபவர் கூகுளின் சர்ச் கன்சோலில் இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், படம் பளிச்சென்று கண்முன் இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் படம் இருப்பது வேறு. குறிப்பில் அந்தப் படத்தின் முகவரி இருப்பது வேறு. பெரும்பாலும் விடுபட்டிருப்பது இரண்டாவதுதான்.

எல்லா வகைப் பக்கத்துக்கும் படம் கட்டாயமில்லை. சமையல் குறிப்புக்குப் பெயரும் படமும் கட்டாயம் என்கிறது கூகுள். விற்பனைப் பொருளைக் கடைப் பட்டியலாகக் காட்டவும் படம் வேண்டும். வீடியோவுக்கு முகப்புப் படத்தின் முகவரி வேண்டும். செய்தி, கட்டுரை, நிகழ்ச்சி போன்றவற்றுக்கு அது பரிந்துரை மட்டுமே. ஆகவே வந்திருப்பது பிழையா, எச்சரிக்கையா என்று முதலில் பார்க்க வேண்டும். எச்சரிக்கை என்றால் அவசரமில்லை. பிழை என்றால் அந்தப் பக்கம் வழக்கமான நீலநிற இணைப்பாகத் தேடலில் தொடர்ந்து வரும். படத்தோடு கூடிய சிறப்புக் காட்சிக்கு மட்டும் தகுதி இழக்கும்.

அடுத்து, பக்கத்தின் முகவரியைக் கூகுளின் ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கீமா டாட் ஆர்க்கின் சரிபார்ப்புக் கருவி சொற்களும் அமைப்பும் சரியா என்று மட்டுமே பார்க்கும். கூகுள் எதைக் கட்டாயமாகக் கேட்கிறது என்பது அதன் கவலையில்லை. அதனால் படமில்லாத சமையல் குறிப்பு அங்கே தேறிவிட்டு, கூகுளிடம் தோற்கும். இது தெரியாமல் ‘சோதித்தாயிற்று, எல்லாம் சரி’ என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

சோதனை முடிவில், பக்கத்தில் எத்தனை குறிப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே மிகப் பயனுள்ள வேலை. வத்தக்குழம்பு செய்முறைப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரே ஒரு சமையல் குறிப்புதான் உண்டு. ஆனால் கருவி இரண்டு காட்டுகிறது. ஒன்றில் பெயர், படம், பொருட்கள், நேரம் எல்லாம் இருக்கின்றன. மற்றொன்றில் பெயரும் நட்சத்திர மதிப்பீடும் மட்டுமே. முதலாவதை எழுதியது சமையல் குறிப்புக்கான ப்ளகின். இரண்டாவதை எழுதியது மதிப்பீடு வாங்கும் இன்னொரு ப்ளகின், அல்லது தளத்தின் தீம். பிழை இரண்டாவதில். முழுமையான குறிப்பை எத்தனை முறை திருத்தினாலும் அறிவிப்பு போகாது. மதிப்பீட்டு ப்ளகினின் அமைப்பில் ஸ்கீமா எழுதும் வசதியை நிறுத்தினால் போதும். வேர்ட்பிரஸ் தளங்களில், குறிப்பாக இணையக் கடைகளில், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பழைய பிளாகர் தீம்களில் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். அவற்றில் ‘மைக்ரோடேட்டா’ முறை வழக்கம். தனிக் குறிப்பு எதுவும் இருக்காது, பக்கத்தின் எச்டிஎம்எல் குறிகளுக்குள்ளேயே விவரங்கள் பதிக்கப்பட்டிருக்கும். ‘ஐட்டம்ஸ்கோப்’ என்ற குறி ஒரு எல்லையைத் திறக்கும். அந்த எல்லைக்குள் வரும் விவரங்கள் மட்டுமே அந்தப் பதிவுக்கு உரியவை. தீமை அழகுபடுத்தும்போது படத்தைத் தலைப்புக்கு மேலே நகர்த்தினால், அது எல்லைக்கு வெளியே போய்விடும். பார்ப்பவருக்குப் படம் இன்னும் அழகாகத் தெரியும்; தேடுபொறிக்கு அது யாருடைய படம் என்றே தெரியாது.

படங்களைத் தாமதமாக ஏற்றும் ‘லேசி லோடிங்’ வசதியும் இதே சிக்கலைத் தரக்கூடும். உண்மையான முகவரியை ஒளித்துவைத்து, வாசகர் கீழே நகர்த்தும்வரை ஒரு வெற்றுப் படத்தை அந்த இடத்தில் நிறுத்தும் தீம்கள் உண்டு. கூகுளின் நிரல் ஸ்க்ரோல் செய்வதில்லை. அது எடுத்துச் செல்வது அந்த வெற்றுப் படத்தைத்தான்.

கூகுள் பரிந்துரைக்கும் ‘ஜேசன்-எல்டி’ முறையில் குறிப்பு தனித் துண்டாக இருப்பதால் படிப்பது எளிது. பிழைகளும் எளிமையானவை, ஆனால் கண்ணில் படாதவை: புலத்தின் பெயரில் சிறிய எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து, வேர்டிலிருந்து ஒட்டியதால் நுழைந்த வளைந்த மேற்கோள்குறி, கடைசி வரியில் தேவையில்லாத ஒரு காற்புள்ளி. பின்னிரண்டும் குறிப்பு முழுவதையுமே படிக்க முடியாததாக்கிவிடும். படத்தின் முகவரியை ‘எச்டிடிபிஎஸ்’ தொடங்கி முழுமையாக எழுதுவது பாதுகாப்பு.

சில சமயம் ப்ளகின் தேடும் இடத்தில் உண்மையாகவே படம் இருக்காது. பல வேர்ட்பிரஸ் அமைப்புகளில் பதிவின் ‘ஃபீச்சர்டு இமேஜ்’ தான் குறிப்புக்குப் போகிறது. கட்டுரைக்குள் பத்துப் படம் இருந்தும் அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட பழைய பதிவுகள் மொத்தமாகப் பிழைப் பட்டியலில் வரும். சிஎஸ்எஸ் வழியாகப் பின்னணியில் வைத்த படமும் கணக்கில் வராது.

முகவரி சரியாக இருந்தும் படத்தை எடுக்க முடியாத நிலையும் உண்டு. படக் கோப்புறையை ‘ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ கோப்பு தடுத்திருக்கலாம். பிற தளங்கள் படத்தை எடுக்காமலிருக்க வைத்த காவல் கூகுளையும் சேர்த்து விரட்டியிருக்கலாம். அளவும் முக்கியம். கட்டுரைப் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் குறைந்தது 50,000 பிக்சல் வர வேண்டும் என்கிறது கூகுள். வேர்ட்பிரஸின் 150×150 சிறுபடம் 22,500 தான். 16:9, 4:3, 1:1 ஆகிய மூன்று விகிதங்களிலும் படம் தருவது நல்லது.

பிழையைப் போக்க எல்லாப் பக்கத்துக்கும் தளத்தின் லோகோவையே படமாகக் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அறிவிப்பு மறையும், குறிப்பு பொய்யாகும். குறிப்பில் சொல்லும் படம் அந்தப் பக்கத்தின் பொருளைக் காட்ட வேண்டும் என்பது கூகுளின் விதி. திசைதிருப்பும் குறிப்புக்குக் கூகுள் ஆட்களைக் கொண்டே நடவடிக்கை எடுப்பதும் உண்டு. சமைத்து, வெளிச்சம் பார்த்துப் படமெடுத்தவரின் உழைப்பு லோகோவுக்குப் பின்னால் மறைவது அதைவிடப் பெரிய இழப்பு. படமே இல்லாத பதிவுக்குப் படம் எடுத்துச் சேர்ப்பதே சரியான வழி.

திருத்தியபின் தளத்தின் கேஷை அழித்துவிட்டு, அதே பக்கத்தைக் கருவியில் மறுபடி சோதிக்க வேண்டும். கேஷ் பழைய பக்கத்தையே தந்துகொண்டிருந்தால் திருத்தம் பலிக்காததுபோலத் தோன்றும். ஒரு பக்கம் தேறியதும் சர்ச் கன்சோலில் சரிபார்ப்பைக் கோரலாம். கூகுள் பக்கங்களை மீண்டும் பார்வையிட்டு முடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பெரிய தளத்துக்கு இன்னும் நீளலாம். இடையில் பிழை எண்ணிக்கை மெதுவாகவே இறங்கும். அதைக் கண்டு மறுபடி மறுபடி குறியீட்டை மாற்றினால், எந்த மாற்றம் பலித்தது என்றே தெரியாமல் போகும்.