நாற்பது மெத்தை, ஒரு கடுகு

எங்கள் கூடத்து ஷோகேஸில் நாற்பது பொம்மைகள் இருந்தன. சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட்டின் ஏழு குள்ளர்கள், கடற்கன்னி, சிப்பாய், தவளை இளவரசன் என்று இருபது வருடச் சேகரிப்பு. எல்லாரும் வரிசை கட்டி, நேராக நம்மையே பார்த்து நிற்பார்கள். வருகிறவர்கள் "அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு குழந்தைகூட "இது யாரு, என்ன ஆச்சு?" என்று கேட்டதில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கதைப் பொம்மைகளை வாங்கி வைத்துவிட்டுக் கதையையே காணோம் என்றால் எப்படி?

வழி காட்டியது கொலுதான். கல்யாண செட்டில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார், புரோகிதர் அக்னியைப் பார்ப்பார், நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டிருப்பார். யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. அதனால்தான் நாம் அவர்களைப் பார்க்கிறோம். ஒரு செட் என்றால் ஒரு நொடி. தட்டில் நிறுத்த வேண்டியது பாத்திரங்களை அல்ல, அந்த நொடியை.

முப்பத்தொரு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். கீழே தங்கியவை ஒரே ஒருவர் எழுதிய கதைகளுக்கு மட்டும். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1805-ல் ஓடன்ஸ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா துணி வெளுப்பவர். அப்பா செய்துகொடுத்த பொம்மலாட்ட மேடையில் பொம்மைகளுக்குத் தானே சட்டை தைத்துப் போட்டு விளையாடிய பையன். பெரியவனாகி எழுதியபோதும் ஊசிக்கும் தேநீர்க் கெண்டிக்கும் பம்பரத்துக்கும் உயிர் கொடுத்தார். அலமாரித் தட்டில் குடியிருக்க அவருடைய ஆட்களைவிடப் பொருத்தமானவர்கள் எனக்குத் தெரியவில்லை.

நடுத் தட்டு, கண்ணுக்கு நேராக வருவது, 1835-ல் வெளியான 'இளவரசியும் பட்டாணியும்' கதைக்கு. மழையில் நனைந்து வந்த பெண் உண்மையான இளவரசிதானா என்று சோதிக்க ராணி கட்டில் பலகையில் ஒரு பட்டாணியை வைத்து, அதன்மேல் இருபது மெத்தையும், அதற்கும்மேல் வாத்துத் தூவி அடைத்த இருபது மெத்தையும் போடுவாள். நாற்பதையும் நானே தைத்தேன். தையல்காரரிடம் கேட்டு வாங்கிய ஜாக்கெட் வெட்டுத்துண்டுகள், உள்ளே மெல்லிய பஞ்சு. கீழே இருப்பவை கொஞ்சம் தடிமன், மேலே போகப்போக மெலிசு. மொத்தம் பத்து சென்டிமீட்டர் உயரம் வந்தது.

முதலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினேன். செங்கல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டு, நடுவில் மட்டும் நீள ஊசியால் ஒரே நூலைக் கோத்தேன். இப்போது ஓரங்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி, ஒருவர் புரண்டு படுத்த படுக்கையாக இருக்கிறது.

பிறகுதான் பட்டாணிச் சிக்கல். காய்ந்த பட்டாணி ஒன்றை அடியில் வைத்துப் பார்த்தால், அது ஏழு சென்டிமீட்டர் இளவரசியின் தலை அளவுக்கு இருந்தது. பொம்மை உலகில் நிஜப் பொருளை வைக்கும்போது இந்த அளவு விஷயத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். சின்னக் கடுகு ஒன்று சரியாகப் பொருந்தியது. பச்சைச் சாயம் தொட்டு வைத்தாயிற்று.

இடது பக்கம் சிப்பாய். தூசி தட்டும்போது என் கை பட்டு விழுந்து அவனுக்கு ஒரு கால் போயிற்று. எத்தனை முறை ஒட்டினாலும் நிற்காமல் கழன்று வந்துகொண்டிருந்தது. 1838-ல் வந்த அவன் கதையைத் திரும்பப் படித்தபோது மனசு லேசானது. ஒரே தகரக் கரண்டியை உருக்கி வார்த்த இருபத்தைந்து சிப்பாய்களில் கடைசியானவனுக்குத் தகரம் போதாமல் ஒரு கால் இல்லை. ஒட்டிய காலை எடுத்துவிட்டேன். அவன் எதிரே காகித நடனக்காரி, ஒரு காலை உயரத் தூக்கியபடி. அந்தக் கால் சிப்பாயின் கண்ணுக்குத் தெரியாது; அவளுக்கும் ஒரே கால்தான் என்று நம்பித்தான் அவள்மேல் மனசை வைப்பான். அதனால் என் கன்னத்தைத் தட்டோடு தட்டாக வைத்து, அவன் கண் உயரத்திலிருந்து பார்த்து, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். தூக்கிய கால் பாவாடைக்குப் பின்னால் மறைகிற இடத்தில் நிறுத்தினேன். எதிரே நிற்கிற நமக்கு இரண்டு காலும் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அவளை நானே வெட்டினேன். ஆண்டர்சனும் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் காகிதம் வெட்டி, கதை முடியும்போது விரித்துக் காட்டுவாராம். காகிதம் என்பதால் பூச்சி வராமலிருக்கத் தட்டின் மூலையில் ஒரு வசம்புத் துண்டு கிடக்கிறது.

மேல்தட்டில் கடற்கன்னி மட்டும். சிவப்புத் தலைமுடியோடு இருந்த பொம்மையைப் பரணுக்கு அனுப்பிவிட்டேன்; அது 1989-ன் டிஸ்னி படத்துப் பெண். இருப்பவள் கோபன்ஹேகன் துறைமுகத்துப் பாறையில் 1913 முதல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையின் சின்ன நகல். எட்வர்ட் எரிக்சன் செய்த மூலச்சிலையே 1.25 மீட்டர்தான். குரலைக் கொடுத்துவிட்டு வந்தவளுக்குப் பக்கத்தில் வேறு எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முக்கால் தட்டு காலி.

விளக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மேலே நடுவில் எல்இடி போட்டால் தொப்பியின் நிழல் முகத்தில் விழுந்து எல்லாரும் சோகமாகிவிடுவார்கள். கதவுச் சட்டத்தின் உட்பக்கம், ஒரு ஓரமாக, மஞ்சள் வெளிச்சப் பட்டையை ஒட்டினேன். ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் நிழல்.

போன மாதம் அண்ணன் மகள் வந்திருந்தாள், ஆறு வயசு. கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றாள்.

"அத்தை, இந்த அக்கா ஏன் தூங்காம உக்காந்திருக்கா?"

"அடியில ஏதோ குத்துதாம். பாரு."

டார்ச்சைக் கொடுத்தேன். மெத்தை மெத்தையாக இறங்கி வந்தவள் பலகையருகே நின்றுவிட்டாள்.

"இதுக்கா!"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "அப்புறம் அந்தப் பட்டாணிய என்ன செஞ்சாங்க?"

கதையில் அதை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார்கள். கீழ்த்தட்டைக் காட்டினேன். கவிழ்த்து வைத்த கண்ணாடி மூடிக்குள், வெல்வெட் துண்டின்மேல், இன்னொரு பச்சைக் கடுகு.