நாய்ச் சொறியும் வம்சக் குறையும்

குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத் தோட்டங்களிலும் சரி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தென்னந்தோப்புகளிலும் சரி, நம்மவர் வீட்டுக் காவலுக்கு இராஜபாளையம் நாய் வளர்ப்பதில் ஒரு தனிப் பெருமை உண்டு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் குட்டிகளுக்கு வரும் ஒரு தோல் நோயைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. நான் பேசக் கடமைப்பட்டவன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நோய் எது?

டெமோடெக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, உண்ணிக்கு உறவானது. நாய்களின் மயிர்க்கால்களில் இயல்பாகவே குடியிருப்பது. பிறந்த இரண்டு மூன்று நாளில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். பெரும்பாலான குட்டிகளை அது ஒன்றும் செய்யாது. சில வம்சங்களில் மட்டும் அதை அடக்கி வைக்கும் எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே குறைவு. ஆக, பூச்சி பொது, குறைதான் பரம்பரை. இது நம் நாட்டு நாய்க்கு மட்டும் வருவதல்ல. புல்டாக், ஷார்பே போன்ற வெளிநாட்டு இனங்களிலும் மிகுதி. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் இத்தகைய குறை பெருகும்.

மூன்றாம் மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் கண்ணைச் சுற்றியும், வாயோரமும், முன்னங்காலிலும் மயிர் உதிரும். ஓரிரு திட்டு என்றால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். உடம்பெல்லாம் பரவிச் சீழ் வைத்தால் வைத்தியம் அவசியம். இது மனிதருக்கு ஒட்டாது. விடாமல் அரிக்கும் சிரங்கு வேறு, அது ஒட்டும். தோலை ஆழச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். பாலக்காட்டுக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

செய்ய வேண்டியது

இன்று புளூரலனர், அஃபாக்சோலனர் போன்ற மாத்திரைகள் நல்ல பலன் தருகின்றன. வலிப்பு வரும் நாய் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மயிர் முளைத்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்துப் பூச்சி இல்லை என்றான பிறகே நிறுத்தலாம். அரிப்பு அடங்க ஸ்டீராய்டு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்து நோய் பரவும். வண்டியின் கழிவு ஆயிலைத் தடவினால் நாய் அதை நக்கும், அது விஷம். பெண் நாய்க்குப் பருவம் வரும்போது நோய் திரும்புவதுண்டு. கருத்தடை செய்துவிடுவது நல்லது.

ஒரு சமணக் கேள்வி

“பூச்சியைக் கொல்வது இம்சை இல்லையா, ஐயா?” என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இல்லறத்தானுக்கு முதலில் விலக்கியது சங்கல்ப இம்சை, அதாவது கொல்ல வேண்டுமென்றே கொல்வது. நோயாளியைக் காக்கும் மருந்தில் அந்த எண்ணம் இல்லை என்பது என் துணிபு. துன்பப்படும் என்று தெரிந்தே குட்டி போட விடுவதுதான் பெரிய இம்சை.

அதைச் செய்தவன் நான். எங்க வீட்டுப் பெண் நாய் உடம்பெல்லாம் சொறி வந்து, மருந்தில் தேறியது. குணமாகிவிட்டதே என்று இணை சேர்த்தேன். ஆறு குட்டிகளில் இரண்டுக்கு அதே நோய். மூன்று குட்டிகளை நம் சங்கத்து அன்பர்களுக்கே கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் முக்கியமாக இக்கட்டுரை. குட்டி பார்க்க நன்றாக இருந்தாலும் அதை இணை சேர்க்காதீர்கள். அன்போடு வளருங்கள், வம்சம் அதோடு நிற்கட்டும். வைத்தியச் செலவு வந்தால் என்னிடம் கேளுங்கள்.