ஒரு ரூபாய் அளவு ஈரம்தானே என்று இருந்துவிடாதீர்கள்!



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சென்னையை அடுத்த தாம்பரத்தில், என் மாமனார் 1998ல் கட்டிய தளம் போட்ட வீட்டில் இருக்கிறோம். மழைக்காலம் நெருங்கினாலே என் வயிறு பிசையும். காரணத்தைச் சொன்னால், உங்களில் யாருக்காவது உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019ம் வருஷ மழையில், படுக்கை அறைக் கூரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரத்திட்டு தெரிந்தது. “என்னங்க, மேலே கொஞ்சம் பாருங்களேன்” என்றேன். “வெயில் அடிச்சா காஞ்சுடும்” என்று விட்டார் வீட்டுக்காரர். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, நானே அதன்மேல் இரண்டு கோட் பெயின்ட் அடித்து மறைத்தேன். அடுத்த மழைக்கு அது தட்டு அளவு ஆனது. கொரோனாவால் கையில் காசில்லாத நேரம். மறுபடியும் பெயின்ட்!

2021 நவம்பர் மாதம், சென்னையையே மிதக்க வைத்த மழை ஞாபகம் இருக்கும். அப்போது என் மகளுக்கு ஆறு வயசு. இடிச் சத்தத்துக்குப் பயந்தவளை, “வாடி கண்ணு, பாட்டிகிட்ட படுத்துக்கோ” என்று அத்தை ஹாலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ராத்திரி இரண்டு மணி இருக்கும். தடால் என்று ஒரு சத்தம். முறம் அகலத்துக்குக் கூரைக் காரை பெயர்ந்து, குழந்தை தலை வைக்கும் தலையணை மேலேயே விழுந்து கிடந்தது. பதறிப்போய் லைட் போட சுவிட்சைத் தொட்டேன். கையில் சுரீர் என்று ஷாக்! சுவர் முழுக்க ஈரம். வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை நிறுத்தினார். அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அழுதேன். அத்தை மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால்... நினைக்கவே முடியவில்லை.

மழை ஓய்ந்து, தை மாசத்தில் கொத்தனாரை வரவழைத்தோம். மாடிக்குப் போனவர் என்னையும் மேலே கூப்பிட்டார். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலைச் சருகும், பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. பக்கத்திலேயே நான் சேர்த்து வைத்த உடைந்த பக்கெட்டும் பழைய தொட்டிகளும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் குளம்போல் நின்றிருக்கிறது. அதற்கு நடுவில் டிஷ் ஆன்டெனா. தட்டோட்டில் நாலு ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கியிருந்தார்கள்.

“இந்த இடத்துல யாரும்மா ஓட்டை போடச் சொன்னது?” என்றார் கொத்தனார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. சீரியல் நன்றாகத் தெரியவேண்டும் என்று, அந்த இடத்தைக் கைகாட்டியதே நான்தான்! இரண்டு வருஷமாக வீட்டுக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நீ சொன்னப்பவே நானும் ஒருதரம் மாடி ஏறிப் பார்த்திருக்கணும்” என்றார்.

தண்ணீர் தளத்துக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும் என்று கொத்தனார் விளக்கினார். கம்பியில் இருந்த துருவைச் சுரண்டி, மருந்து பூசி, பூச்சு வேலை முடிய 18,000 ரூபாய் ஆனது. மகளுக்குக் கம்மல் வாங்க நான் சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது. ஆரம்பத்திலேயே ஓட்டையை அடைத்து, சருகை அள்ளியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும்.

அதிலிருந்து நான் தவறாமல் செய்வதைச் சொல்கிறேன்:

* ஆவணி, புரட்டாசியிலேயே மொட்டை மாடியைக் கூட்டி, குழாய் வாயில் கம்பி வலை வைத்துவிடுவேன். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, சரசரவென்று கீழே இறங்குகிறதா என்று பார்ப்பேன். மழை நாட்களில் வாரம் ஒருமுறை சருகை அள்ளுவேன்.

* கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தட்டோட்டு இடுக்கு இவற்றில்தான் முதலில் வெடிப்பு விடும். வெயில் காலத்திலேயே அடைத்துவிட வேண்டும். ஈரத்தின்மேல் பூசும் பூச்சு பெரும்பாலும் நிற்காது.

* டிஷ், கொடிக்கம்பி, சோலார் எதுவானாலும் தளத்தில் ஓட்டை போட விடாதீர்கள். தனியாக சிமெண்ட் கட்டை வைத்து அதில் பொருத்தச் சொல்லுங்கள்.

* தண்ணீர்த் தொட்டி வழிந்து சுவரில் இறங்காமல் இருக்க மிதவை வால்வு போடுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் ஒரு குச்சியை விட்டு அளவு பாருங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

* குளியலறையை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்தாலோ, பெயின்ட் கொப்பளித்தாலோ, டைல்ஸ் இடுக்கையும் குழாய் இணைப்பையும் பாருங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். எங்கள் கல்யாணப் பட்டுப்புடவை ஒன்று பூஞ்சைக்குப் போனதும் இப்படித்தான்.

* சுவர் ஈரமாக இருந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். மெயின் போர்டு காய்ந்த இடத்தில் இருந்தால், உலர்ந்த கையோடு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு முதலில் மெயினை நிறுத்துங்கள். மின்கசிவு வந்தால் தானே நின்றுவிடும் ஆர்.சி.சி.பி.யை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திவிடுங்கள். நாங்கள் போட்டுவிட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் படுக்கை அறைக் கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் ராத்திரி இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

“கூரையில் சின்னக் கறைதானே” என்று பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், சகோதரிகளே. உடனே ஒருதரம் மாடி ஏறிப் பாருங்கள். கம்மல் நாளைக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

- தாம்பரம் வாசகி