மூச்சை எண்ணுங்கள்

எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் வெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் தொற்றலாம். அப்படிக் காய்ச்சலோடு தஞ்சைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த ஒரு நடவுத் தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். நாடித்துடிப்பு 112, மேல் பிரஷர் 108, ஆக்சிஜன் அளவு 94, காய்ச்சல் 101 டிகிரி, நிமிடத்துக்கு 24 மூச்சு. நினைவு தெளிவாக இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது.

சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு, 2017-இல் திருத்திய 'நியூஸ்' (NEWS) என்ற முன்னெச்சரிக்கை முறை, ஒவ்வோர் அளவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறது. நம் நோயாளிக்கு மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, நாடிக்கு 2, பிரஷருக்கு 1, காய்ச்சலுக்கு 1. கூட்டினால் 7.

5 வந்தாலே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். 7 என்பது தீவிர சிகிச்சைக் குழுவை அழைக்க வேண்டிய கட்டம். புதிதாக ஒருவர் குழம்பிப் பேசினால், அதற்கு மட்டுமே 3.

கேஸ் ஷீட்டில் கையால் கூட்டும்போது தப்பு நேரலாம். இரவு ஷிஃப்டில் கூட்டாமலே விட்டுப்போகலாம். டேப்லெட்டில் அளவுகளைப் பதிந்தால் கருவியே கூட்டி எச்சரிக்கும். பயன் பெரிது. ஆனால் பதியாத அளவை எந்தக் கருவியாலும் கூட்ட முடியாது.

இலங்கையின் மொனராகலை மாவட்டப் பொது மருத்துவமனையில் 16,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், நினைவுநிலை போன்ற அளவுகள் பல பதிவுகளில் விடுபட்டிருந்தன. உடல் தளரத் தொடங்குவதை முன்கூட்டிச் சொல்வதில் மூச்சுக்கு முதலிடம் உண்டு. அதையே விட்டுவிடுகிறோம் என்பதுதான் வேதனை.

பெங்களூரின் டோசி நிறுவனம் மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரித் தகட்டைச் செய்திருக்கிறது. உடம்பில் எதையும் ஒட்டாமலே மூச்சையும் நாடியையும் அது எண்ணும். நர்ஸுகள் குறைவான வார்டுகளுக்கு இது நல்ல துணை. ஆனாலும் எச்சரிக்கை ஒலித்ததும் ஓடிவர ஆள் வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் இத்தகைய கருவிகளைக் கொண்டுவரும்போது, கருவிக்கு ஒதுக்கும் பணத்தோடு நர்ஸ் பணியிடங்களையும் நிரப்பியாக வேண்டும்.

நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, பேச்சு திடீரெனக் குழம்பினாலோ, டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டூட்டி நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.